ஹண்டர் பள்ளத்தாக்கின் நிலக்கரி ரயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவி இன்ஜின் பார்க்கும் ஆசையோடு ஆஸ்திரேலியா வருபவர்கள் பெரும்பாலும் சிட்னியைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள். வடக்கே இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணத்தில் நியூகாசில், மெய்ட்லண்ட், செஸ்நாக் என்று விரியும் ஹண்டர் பள்ளத்தாக்குதான் அந்த ஆசையின் உண்மையான முகவரி. ஆஸ்திரேலியாவில் சுற்றுலாவுக்காக அல்லாமல் வேலைக்காக நீராவி இன்ஜின் கடைசியாக ஓடியது இங்கேதான். அதுவும் 1987 வரை. அந்தப் பாதைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. அவற்றோடு பிடிவாதமான ஒரு கருத்தும் உண்டு: இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், வேகனையும் பாருங்கள். காரணம் கீழே வரும்.

நிலக்கரி ரயில் என்றால் ஏன் ஹண்டர் பள்ளத்தாக்கு?

நியூகாசில் நகரம் பிறந்ததே நிலக்கரியால்தான். 1797-இல் தப்பியோடிய கைதிகளைத் தேடிக் கடலோரமாக வந்த லெப்டினன்ட் ஜான் ஷார்ட்லண்ட், ஆற்றின் முகத்துவாரத்தில் நிலக்கரி வெளியே தெரிவதைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 1799-இல், அங்கிருந்து ஒரு கப்பல் நிலக்கரி வங்காளத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் முதல் ஏற்றுமதிச் சரக்கு என்று அதைத்தான் சொல்கிறார்கள். வாங்கியது இந்தியக் கரை என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இன்றைக்கும் உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம் நியூகாசில்தான். கடற்கரையில் நின்றால் வரிசையில் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். ஆகவே இது முடிந்துபோன தொழிலின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தொழிலில் நீராவியின் பங்கு மட்டுமே முடிந்துபோனது.

ஆஸ்திரேலியாவின் முதல் ரயில்பாதையும் இங்கேதானா?

ஆம். 1831 டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலிய விவசாயக் கம்பெனி நியூகாசிலில் திறந்த பாதை அது. பெயரில் விவசாயம் இருந்தாலும் கம்பெனி தோண்டியது நிலக்கரி. வார்ப்பிரும்புத் தண்டவாளத்தில் சரிவை நம்பி வண்டிகள் இறங்கின, அவ்வளவுதான். இன்ஜின் கிடையாது.

நீராவி வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1857 மார்ச்சில் அரசின் வடக்கு ரயில்பாதை நியூகாசிலுக்கும் கிழக்கு மெய்ட்லண்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஹெக்ஸம் என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து மின்மி சுரங்கத்துக்குத் தனியார் பாதையும் வந்துவிட்டது. அந்த மின்மிப் பாதையின் வேரிலிருந்து கிளைத்ததுதான் பின்னாளைய ரிச்மண்ட் வேல் ரயில்வே.

செஸ்நாக் பக்கம் இவ்வளவு சுரங்கங்கள் எப்படி வந்தன?

எட்ஜ்வொர்த் டேவிட் என்ற நிலவியலாளரைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேல்ஸில் பிறந்தவர். அரசின் நில ஆய்வுத் துறைக்காக இந்தப் புதர்க்காடுகளில் அலைந்துகொண்டிருந்தவர், 1886-இல் இன்றைய அபர்மெயின் அருகே ஓர் ஓடையில் கிரீட்டா நிலக்கரிப் படுகை வெளியே தலைகாட்டுவதைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் ஷாக்கில்டனின் அண்டார்க்டிகா பயணத்தில் சேர்ந்து எரிபஸ் எரிமலையில் முதன்முதலாக ஏறிய குழுவை நடத்தியவரும் இவரே. ஆனால் நியூ சவுத் வேல்ஸின் பொருளாதாரத்தைக் கேட்டால், எரிபஸைவிட அந்த ஓடைதான் பெரியது என்று சொல்லும்.

கிரீட்டா படுகை தடிமனானது. சில இடங்களில் பல மீட்டர். எரிவாயு தயாரிக்கவும் ரயில் இன்ஜினில் எரிக்கவும் தோதான கரி. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: காற்றுப் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதன் விலை என்ன என்பதைத் தொழிலாளர் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

1890-களில் ஈஸ்ட் கிரீட்டா கம்பெனி மெய்ட்லண்ட் அருகிலிருந்து தெற்கே பாதை போட்டது. அது குரி குரி, வெஸ்டன் என்று நீண்டு 1904-இல் செஸ்நாக்கைத் தொட்டது. வழியில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கிளை. அந்தப் பாதைகள் 1918-இல் ஒன்றாகிச் சவுத் மெய்ட்லண்ட் ரயில்வே ஆயின. கரி மட்டுமல்ல, தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஏற்றிச் சென்ற ரயில்வே அது. சாலை சரியில்லாத காலத்தில் செஸ்நாக்காரர்களுக்கு வெளியுலகம் என்பது இந்தத் தண்டவாளம்தான்.

ஜான் பிரவுன் யார்? எங்கு பார்த்தாலும் அவர் பெயர் வருகிறதே?

ஜே. அண்ட் ஏ. பிரவுன் கம்பெனியின் முதலாளி. மின்மிப் பாதை, ரிச்மண்ட் வேல் ரயில்வே, பீலா மெயின் சுரங்கம், ரிச்மண்ட் மெயின் சுரங்கம், ஹெக்ஸம் பணிமனை எல்லாம் அந்தக் கம்பெனியுடையவை. 'நிலக்கரிப் பிரபு' என்று பட்டம். 1930-இல் இறந்தார்.

ரயில் ஆர்வலர்களுக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் அவருடைய சிக்கனம். புது இன்ஜின் வாங்குவதைவிட, பிறர் கழித்ததை வாங்குவதில் அவருக்கு ஆனந்தம். லிவர்பூலில் மெர்சி ஆற்றுக்கு அடியில் ஓடிய மெர்சி ரயில்வே 1903-இல் மின்மயமானதும், வேலை இழந்த அதன் டேங்க் இன்ஜின்களில் (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடலிலேயே சுமக்கும் இன்ஜின்) நான்கு கப்பலேறி ஹெக்ஸம் வந்தன. அவற்றில் 1885-இல் செய்யப்பட்ட 'தி மேஜர்' இன்றும் சிட்னிக்குத் தென்மேற்கே தேர்ல்மியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றடிக் குகைப்பாதையில் பயணிகளை இழுக்கப் பிறந்தது, பூமியின் மறுபாதியில் கரி இழுத்து ஓய்ந்தது.

முதல் உலகப் போர் முடிந்தபின் இன்னொரு மலிவுச் சந்தை திறந்தது. பிரிட்டிஷ் ராணுவம் பிரான்சில் ஓட்டுவதற்காகக் கட்டிய 2-8-0 இன்ஜின்களில் (எண்கள் சக்கரங்களைக் குறிக்கும்: முன்னே 2, நடுவில் இணைத்த 8, பின்னே ஏதுமில்லை) 13 பிரவுன் கம்பெனிக்கு வந்தன. அவற்றில் மூன்று ஆஸ்திரேலியாவில் இன்னும் இருக்கின்றன.

புதிதாக வாங்கவே மாட்டார் என்றும் சொல்ல முடியாது. லீட்ஸ் நகரத்துக் கிட்சன் தொழிற்சாலையில் சொல்லிச் செய்த மூன்று 2-8-2 டேங்க் இன்ஜின்களுக்குப் 'பீலா மெயின்', 'ரிச்மண்ட் மெயின்', 'ஹெபர்ன்' என்று பெயர். பந்தயக் குதிரைகள் மீது அவருக்கு இருந்த மோகம் தனிக்கதை. 1909 மெல்பர்ன் கோப்பையை வென்ற 'பிரின்ஸ் ஃபுட்' அவருடையது. 'ரிச்மண்ட் மெயின்' என்று ஒரு குதிரையும் வைத்திருந்தார். அது 1919-இல் சிட்னி டெர்பியில் இன்னொரு குதிரையோடு சமமாக வந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. சுரங்கம், இன்ஜின், குதிரை மூன்றுக்கும் ஒரே பெயர். மனிதருக்கு எது முக்கியம் என்பதில் குழப்பமே இருந்திருக்காது.

'டென் கிளாஸ்' என்கிறார்களே, அது எந்த இன்ஜின்?

சவுத் மெய்ட்லண்ட் ரயில்வேயின் அடையாளமே அதுதான். மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை 1911 முதல் 1925 வரை கட்டி அனுப்பிய 2-8-2 டேங்க் இன்ஜின். வரிசையின் முதல் இன்ஜினுக்கு எண் 10 என்பதால் அந்தப் பெயர். மொத்தம் 14.

இந்த வேலைக்கு இது ஏன் பொருந்தியது என்பதை அதன் உடலே சொல்லும். நடுவில் இணைத்த எட்டுச் சக்கரங்கள் இழுவைக்கு. முன்னும் பின்னும் ஒவ்வொரு ஜோடிச் சிறு சக்கரம் இருப்பதால் எந்தத் திசையிலும் வளைவில் நிதானமாக ஓடும். சுரங்க முனையில் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை தேவையில்லை. தண்ணீர் டெண்டர் எனப்படும், பின்னால் மாட்டும் தனி வண்டியில் இல்லாமல் பாய்லரின் இருபுறத் தொட்டிகளில் இருப்பதால் அந்த எடையும் சக்கரங்களைத் தண்டவாளத்தில் அழுத்தி வழுக்காமல் பிடிக்க வைக்கும். வேகம் பெரிதில்லை. வேகம் யாரும் கேட்கவுமில்லை.

வியப்பு இனிமேல்தான். கட்டிய பதினான்கும் இன்றும் இருக்கின்றன. ஒன்றுகூடப் பழைய இரும்புக்குப் போகவில்லை. ஒரு வகை இன்ஜின் முழுவதுமாகத் தப்பிப் பிழைப்பது ரயில் உலகில் மிக அரிது. அவை ஒரே இடத்தில் இல்லை. ஹண்டர் பகுதியில் சில, பொதுமக்களுக்குத் திறக்கப்படாத டோரிகோ சேகரிப்பில் சில என்று சிதறிக் கிடக்கின்றன. பிழைத்த எல்லாமே ஓடும் நிலையில் இல்லை. துருப்பிடித்து வெயிலில் நிற்பதும் பிழைப்புதான் என்று ஆர்வலர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

மற்ற இடமெல்லாம் டீசல் வந்த பிறகும் இங்கே மட்டும் ஏன் 1980-கள் வரை நீராவி?

பாரம்பரியத்தின் மீது காதல் என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் காதல் எதுவும் தென்படாது.

நியூ சவுத் வேல்ஸ் அரசு ரயில்வே 1973-இல் நீராவிக்கு விடைகொடுத்தது. அரசு ரயில்வே எரித்த கரிக்குக் காசு கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்குத் தண்ணீர்த் தொட்டியும் கரிமேடையும் ஆளும் வைத்துப் பராமரிக்க வேண்டும். நிலக்கரிக் கம்பெனிக்கு இந்தச் சிக்கல் இல்லை. எரிபொருள் சொந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது. பாதை குட்டையானது. பழுது பார்க்கச் சொந்தப் பணிமனை, அதில் தலைமுறையாக அதே இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகள். சவுத் மெய்ட்லண்டின் டென் கிளாஸ் எல்லாம் ஒரே வகை என்பதால் ஒன்றின் உதிரிப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். மேலும், ஒவ்வொரு சுரங்கமும் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பது எப்போதும் கேள்விக்குறி. அடுத்த பத்தாண்டில் மூடப்போகும் சுரங்கத்துக்காக எந்த முதலாளி டீசல் இன்ஜின் வாங்குவார்?

இப்படி, செலவு செய்ய மனமில்லாததாலேயே நீராவி பிழைத்தது. உலகெங்கும் இருந்து கேமராவோடு வந்தவர்கள் வேலியோரம் நின்று சிலிர்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்தவர்களுக்கு அது வெறும் ஷிஃப்ட் வேலை: கரி அள்ளு, சாம்பல் தட்டு, தண்ணீர் பிடி.

கடைசி நீராவி ரயில் 1983-ஆ, 1987-ஆ? இரண்டும் சொல்கிறார்களே.

இரண்டும் சரி, பாதைதான் வேறு. சவுத் மெய்ட்லண்ட் ரயில்வேயில் நீராவி 1983 ஜூன் 10 அன்று நின்றது; அதன்பின் அங்கே டீசல். ரிச்மண்ட் வேல் பாதையின் எஞ்சிய துண்டில், அதாவது ஸ்டாக்ரிங்டன் சுரங்கத்திலிருந்து ஹெக்ஸம் வரை, 1987 செப்டம்பர் 22 வரை நீராவி ஓடியது. இரண்டு ரயில்வேக்களும் அதற்குள் ஒரே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டதால், கடைசி ஆண்டுகளில் ஹெக்ஸம் பாதையில் கரி இழுத்ததும் டென் கிளாஸ் இன்ஜின்கள்தான். ஆஸ்திரேலியாவில் வணிக நீராவியின் முடிவு என்று குறிக்க வேண்டுமானால் 1987-ஐக் குறியுங்கள்.

வேகனைப் பார்க்கச் சொன்னீர்களே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான்.

இங்கே ஓடிய வேகன்கள் நான்கு சக்கரம் கொண்ட மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் பத்து டன் அளவு கரி கொள்ளும். மேலே அகன்று கீழே குறுகிய உடல், பக்கத்தில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில். இவற்றுக்குக் காற்று பிரேக் கிடையாது. இன்ஜின் ஓட்டுநர் பிரேக் போட்டால் இன்ஜின் மட்டுமே பிடிக்கும். பின்னால் வரும் நூற்றுக்கணக்கான டன் அதன் முதுகில் மோதும். ஆகவே இறக்கம் வரும் இடத்தில் ரயிலை நிறுத்தி, வேகன் வேகனாக நடந்து கைப்பிரேக் நெம்புகோல்களை அழுத்திப் பூட்டுவார்கள். இறங்கி முடித்ததும் மறுபடி நடந்து ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். மழையிலும் இருட்டிலும் இதே வேலை. விண்வெளி ஓடம் பறந்துகொண்டிருந்த 1980-களில் ஹெக்ஸம் பாதையில் இப்படித்தான் கரி வந்தது.

துறைமுகத்தில் நடந்தது இன்னும் சுவையானது. இந்த வேகனின் மரப்பெட்டி அடிச்சட்டத்தோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டதல்ல. நியூகாசிலின் கேரிங்டன் கப்பல்துறையில் நீரழுத்தத்தால் இயங்கும் கிரேன்கள் இருந்தன. வேகன் கிரேனுக்குக் கீழே வந்ததும், பெட்டியை மட்டும் கொக்கி மாட்டித் தூக்கி, கப்பலின் வாய்க்கு மேலே கொண்டுபோய், அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டு, மீண்டும் அதே சட்டத்தில் உட்காரவைப்பார்கள். கன்டெய்னர் என்ற யோசனையைக் கப்பல் உலகம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பெரிதாகக் கொண்டாடியது. கரிக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதற்கு ஒரு தூரத்து உறவைக் கண்டுபிடித்து, அலட்டாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரேன்களுக்கு அழுத்தம் கொடுத்த இயந்திரக் கட்டடம் இன்றும் கேரிங்டனில் நிற்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் கடந்து மதுக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சுரங்கம் என்ன வடிவில் கரி தந்தது, கப்பல் என்ன வடிவில் கேட்டது என்ற இரண்டுக்கும் இடையில் கட்டப்பட்டது வேகன். ஒரு ரயில்வே எப்படி யோசித்தது என்பதை அதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். இன்ஜின் எங்கிருந்தும் வரலாம், லிவர்பூலிலிருந்துகூட. வேகன் அந்த மண்ணுக்கே உரியது. ஆனால் ஆர்வலர்களின் பணமும் உழைப்பும் இன்ஜினுக்கே போயின. விளைவு: பதினான்கு டென் கிளாஸும் பிழைத்தன, ஆயிரக்கணக்கில் ஓடிய மர வேகன்களில் ஒரு சிறு பகுதியே மிஞ்சியது.

மிஞ்சியவையும் தீயில் போனதாகச் சொல்கிறார்களே?

2017-இல் ஒரு காட்டுத்தீ ரிச்மண்ட் மெயினில் உள்ள ரிச்மண்ட் வேல் ரயில்வே அருங்காட்சியகத்துக்குள் புகுந்தது. நிறுத்திவைத்திருந்த பழைய மர வேகன்கள் ஏராளமாக எரிந்தன; பாதையில் இருந்த பாலமும் சேதமடைந்தது. இன்ஜின் இரும்பு, தீயைத் தாங்கும். மரப்பெட்டி, அதுவும் பல பத்தாண்டு கரித்தூள் ஊறியது, தாங்குமா? தன்னார்வலர்கள் மனம் தளராமல் மறுபடி கட்டும் வேலையில் இறங்கினார்கள். எரிந்த வேகனின் இரும்புச் சட்டங்கள் மட்டும் நிற்பதைப் பார்த்தால், அவற்றைக் குப்பை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

தொழிலாளர்களின் கதை என்ன?

இன்ஜினைப் பாடும் பக்கங்கள் பல இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இரண்டு தேதிகளையாவது நினைவில் வைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போகலாம்.

1923 செப்டம்பர் 1. செஸ்நாக் அருகே பெல்பேர்ட் சுரங்கத்தில் தீயும் வெடிப்பும். 21 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மீட்கப் போனவர். முறையான மீட்புப் படை அப்போது கிடையாது. பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ஓடி வந்தவர்கள்தான் உள்ளே இறங்கினார்கள். இந்த விபத்துக்குப் பிறகு, 1925-இல், சுரங்க மீட்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. நிலக்கரி வட்டாரங்களில் மீட்பு நிலையங்கள் அமைந்தன.

1929 டிசம்பர் 16. அந்த ஆண்டின் தொடக்கத்தில் முதலாளிகள் கூலியைக் குறைக்கச் சொல்ல, தொழிலாளர்கள் மறுக்க, வடக்கு வட்டாரச் சுரங்கங்களின் கதவுகள் பூட்டப்பட்டன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் தெருவில். முதலாளிகள் தரப்பின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர், மேலே குதிரையோடு பார்த்தோமே, அதே ஜான் பிரவுன். சங்கத்தில் இல்லாத ஆட்களைக் கொண்டு ராத்பரி சுரங்கத்தைத் திறக்க மாநில அரசு முயன்றபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்கே திரண்டார்கள். போலீஸ் சுட்டது. நார்மன் பிரவுன் என்ற இளம் தொழிலாளி இறந்தார். முதலாளிக்கும் இவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, உறவு கிடையாது. கதவடைப்பு 1930-இன் நடுப்பகுதி வரை நீண்டது. கடைசியில் குறைந்த கூலிக்கே தொழிலாளர்கள் திரும்பினார்கள். ராத்பரியில் நார்மன் பிரவுனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ரயில் பார்க்கப் போகும் வழிதான்.

இன்றைக்கு எங்கே போய்ப் பார்க்கலாம், ஏறலாம்?

முதலில் ரிச்மண்ட் மெயின். குரி குரி ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், 1967-இல் மூடிய சுரங்கத்தின் வளாகத்திலேயே அருங்காட்சியகம். ஒரு காலத்தில் தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய ஆழ்குழிச் சுரங்கம் என்று பேசப்பட்ட இடம். செங்கல் மின்நிலையமும் தலைமை அலுவலகமும் நிற்கின்றன. ஜான் பிரவுனின் கிட்சன் இன்ஜின்களில் 'பீலா மெயின்', 'ரிச்மண்ட் மெயின்' இரண்டும் இங்கே. மாதத்தில் சில நாட்கள் மட்டுமே திறப்பார்கள், அதிலும் நீராவி எல்லா நாளும் இருக்காது. கிளம்பும் முன் அவர்களது நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மெய்ட்லண்டில் ஏப்ரல் மாதம் நடக்கும் ஸ்டீம்ஃபெஸ்ட் விழா. சவுத் மெய்ட்லண்ட் நீராவி நின்றதை ஒட்டி 1986-இல் தொடங்கியது. பல ஊர் இன்ஜின்கள் கூடும். ரயிலுக்கும் டைகர் மோத் விமானங்களுக்கும் ஓட்டப்பந்தயம்கூட உண்டு. கூட்டம் தாங்காது. அமைதியாகப் பார்க்க விரும்புபவர்கள் இதைத் தவிர்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாது.

தேர்ல்மியர் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம். 'தி மேஜர்' அங்கே இருப்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன்.

லித்கோவின் ஜிக்ஜாக் ரயிலும் நிலக்கரிப் பாதையா?

நேரடியாக இல்லை. நீல மலைகளிலிருந்து லித்கோ பள்ளத்தாக்குக்கு இறங்க ஜான் விட்டன் என்ற பொறியாளர் வடிவமைத்து 1869-இல் திறந்த பிரதான அரசுப் பாதை அது. செங்குத்தான மலைமுகத்தில் ரயில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் இறங்கும். ஆனால் அந்தப் பாதை வந்ததால்தான் லித்கோவின் கரிக்குச் சிட்னிச் சந்தை கிடைத்தது. 1910-இல் பத்துக் குகைப்பாதைகள் கொண்ட மாற்றுவழி வந்ததும் ஜிக்ஜாக் கைவிடப்பட்டது.

ஆர்வலர்கள் 1975-இல் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2012-இல் நின்றது, 2013 காட்டுத்தீயிலும், 2019 இறுதியில் வந்த பெருந்தீயிலும் அடிபட்டது, 2023 மே மாதம் மறுபடி ஓடத் தொடங்கியது. கூர்ந்து பார்ப்பவர்கள் ஒரு முரணைக் கவனிப்பார்கள்: பழைய பாதை 1435 மில்லிமீட்டர் அகலம், இன்று ஓடுவது 1067. கழித்துவிடப்பட்ட குயின்ஸ்லாந்து இன்ஜின்களும் பெட்டிகளும் கைக்குக் கிடைத்ததால் அவற்றின் அகலத்துக்கே தண்டவாளத்தைப் போட்டார்கள். வரலாற்றுத் தூய்மை பேசுபவர்கள் முகம் சுளிக்கட்டும். ஓடாத சரியான ரயிலைவிட ஓடுகிற தவறான ரயில் மேல்.

மற்ற மாநிலங்களில்?

விக்டோரியாவின் வொன்தாகி: நியூ சவுத் வேல்ஸ் கரியை நம்பியிருக்க முடியாது என்று 1909 வேலைநிறுத்தத்தின்போது மாநில அரசே தொடங்கிய சுரங்கம். ரயில் 1910-இல் வந்தது. சுரங்கம் 1968-இலும் பாதை 1978-இலும் மூடப்பட்டன. சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் பிச்சி ரிச்சி ரயில்வே. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஓடிய 'பழைய கான்' ரயிலின் பாதை என்று விளம்பரம் செய்கிறார்கள். அதே பிச்சி ரிச்சி கணவாய் வழியாகத்தான் 1950-களின் நடுப்பகுதி வரை லீ கிரீக் சுரங்கத்து நிலக்கரியும் இறங்கியது என்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

லித்கோவுக்கு வடக்கே நியூன்ஸ் பாதை நிலக்கரிக்கல்ல, எண்ணெய்க் கல்லுக்காக (சூடாக்கினால் எண்ணெய் தரும் பாறை) போடப்பட்டது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பல்சக்கரத்தால் ஓடும் அமெரிக்க ஷே இன்ஜின்கள் செங்குத்துச் சரிவில் ஊர்ந்த பாதை. 1930-களில் கைவிடப்பட்டது, அதன் குகைப்பாதை ஒன்றில் இன்று ஒளிரும் புழுக்கள் குடியிருக்கின்றன. நடந்து போய்ப் பார்க்கலாம்.

பழைய தண்டவாளங்கள் இப்போது என்ன ஆயின?

பெரும்பாலும் பெயர்க்கப்பட்டுவிட்டன. சவுத் மெய்ட்லண்ட் ரயில்வேயின் முதன்மைப் பாதையில் செஸ்நாக் பக்கத்துச் சுரங்கத்துக்காக டீசல் ரயில்கள் 2020 வரை ஓடின. ரிச்மண்ட் வேல் பாதை சுகர்லோஃப் மலைத்தொடரை மூன்று குகைப்பாதைகள் வழியே கடந்தது; அந்த வழித்தடத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் உரிய பாதையாக மாற்றும் திட்டம் நடந்துவருகிறது. சரிவு மென்மையாக இருப்பதால் சைக்கிளுக்கு நல்லது. அந்த மென்மைக்காக மண்ணை வெட்டிப் புரட்டியவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொண்டே மிதிக்கலாம்.

ஒரு நீராவி இன்ஜினை ஓட்ட ஏன் இவ்வளவு செலவு? டிக்கெட் விலை அதிகமாக இருக்கிறதே?

குளிர்ந்த இன்ஜினில் காலையில் சாவி திருகிக் கிளம்ப முடியாது. முந்தைய நாளே மெல்லத் தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டால் பாய்லர் தகடுகள் சீரற்று விரிந்து கெடும். ஓடி முடித்ததும் சாம்பல் தட்ட வேண்டும், அவ்வப்போது பாய்லரைக் கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாய்களைக் கழற்றிப் பாய்லரை முழுதாகச் சோதித்தால்தான் ஓட்ட அனுமதி. புதுப் பாகம் கடையில் கிடையாது. வார்த்து, கடைந்து செய்ய வேண்டும். பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதால்தான் டிக்கெட் இந்த விலையிலாவது இருக்கிறது.

முரண் ஒன்று: நிலக்கரி நாட்டிலேயே, நீராவி இன்ஜினுக்கு ஏற்ற தரத்தில், ஏற்ற அளவுக் கட்டிகளாகக் கரி கிடைப்பது இன்று எளிதல்ல. சுரங்கங்கள் மின்நிலையத்துக்கும் எஃகு ஆலைக்கும் உடைத்துத் தருகின்றன. நாலு லாரிக் கரி கேட்டு வரும் அருங்காட்சியகம் அவர்களுக்கு வாடிக்கையாளரே அல்ல.

போகும்போது கவனிக்க வேண்டியவை?

கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் நீராவி ஓடாது. டீசல் இழுக்கும், அல்லது பயணமே ரத்தாகும். ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை டிக்கெட் எடுப்பவர்கள் இதை எதிர்பார்த்தே எடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குளிர்ந்த காற்றில் புகையும் நீராவியும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். படம் எடுக்க அதுவே காலம். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டினால் கண்ணில் கரித்துகள் விழும், குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். மூடப்பட்ட சுரங்க வளாகங்களில் வேலி இருந்தால் தாண்டாதீர்கள். கீழே தோண்டிய நிலம், எங்கே உள்வாங்கும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. நியூகாசிலிலிருந்து மெய்ட்லண்டுக்குப் பயணிகள் ரயில் உண்டு, வழியில் ஹெக்ஸத்தைக் கடக்கும். குரி குரிக்கும் செஸ்நாக்குக்கும் இப்போது ரயில் இல்லை, காரோ பஸ்ஸோதான்.